வீட்டில் கட்டிய ஆம்புக்கு கேபினெட்: எதை எடுப்பது, எப்படிப் பொருத்துவது

ஆம்ப்ளிஃபயர் போர்டு வேலை செய்கிறது, ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது, மேசை முழுக்க வயர். அடுத்த வேலை இதையெல்லாம் ஒரு கேபினெட்டுக்குள் அடைப்பது. புதிதாக ஆம்ப் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முகப்பு பளபளவென்று இருக்கிற காலி கேபினெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து டிரான்ஸ்பார்மரை உள்ளே வைத்தால் மூடி மூட மாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் மூடி மூடுகிறது, ஐசியின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட் சிங்க்குக்கு இடமில்லை. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்க்கும்தான் பெட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டும். முகப்பு கடைசி.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது, அதனால் ஒரு ஆம்பை எடுத்துக்கொள்வோம்: இரண்டு எல்எம் 3886 ஐசி போட்ட ஸ்டீரியோ போர்டு, 18-0-18 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், 8 ஓம் ஸ்பீக்கர்கள். டிடிஏ 7294 போர்டு வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கிளாஸ் டி போர்டு என்றால் சூடு மிகக் குறைவு, அந்தப் பகுதியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளலாம். எர்த் பற்றிச் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

முதலில் சூட்டுக் கணக்கு

18 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் (நான்கு டயோடு சேர்ந்த பாகம்) வழியாக டிசி ஆக்கி கெப்பாசிட்டரில் நிரப்பினால் பிளஸ், மைனஸ் என ஒவ்வொரு பக்கமும் சுமார் 24.5 வோல்ட் கிடைக்கும். 18-ஐ 1.414-ஆல் பெருக்கி, டயோடுகள் தின்கிற ஒரு வோல்ட்டைக் கழித்தால் வருவது இதுதான். நம்முடையது போன்ற கிளாஸ் ஏபி ஆம்பில் ஒரு சேனல் அதிகபட்சம் எவ்வளவு வாட்டைச் சூடாக வெளியே தள்ளும் என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பக்க வோல்டேஜை அதே எண்ணால் பெருக்குங்கள், இரண்டால் பெருக்குங்கள், பிறகு ஸ்பீக்கரின் ஓம் மதிப்பாலும் 9.87-ஆலும் வகுங்கள். நம் ஆம்புக்கு ஒரு சேனலுக்கு 15 வாட், இரண்டுக்கும் சேர்த்து 30 வாட். இதே ஆம்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 60 வாட். பாட்டு கேட்கும்போது எந்நேரமும் இந்த உச்சத்தில் நிற்காது என்பது உண்மைதான், ஆனால் பெட்டியை உச்சத்துக்குத் தயார் செய்துவிட்டால் கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் கவலையில்லை.

ஹீட் சிங்க்கை வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று அளப்பார்கள். வாட்டுக்கு 1 டிகிரி உள்ள ஹீட் சிங்க்கில் 30 வாட் போனால் அது அறையைவிட 30 டிகிரி சூடாகும். 150-க்கு 100 மில்லிமீட்டர் அளவில், 40 மில்லி நீள ஃபின்கள் (வரிசையாக நிற்கும் தட்டுகள்) உள்ள அலுமினியத் துண்டு கிட்டத்தட்ட இந்த இடத்தில் வரும். இங்கே ஒன்று கவனியுங்கள். ஐரோப்பாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அறையின் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மே மாதம் மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை 38, 40 என்று நிற்கும். அப்போது ஹீட் சிங்க் 70 டிகிரி. கை வைக்க முடியாது, ஆனால் ஐசி தாங்கும், அதற்கு உள்ளேயே சூட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. அதே ஹீட் சிங்க்கைக் காற்றுப் போகாத பெட்டிக்குள் வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும், ஏனென்றால் அதைச் சுற்றியிருக்கும் காற்றே 55, 60 டிகிரிக்கு ஏறியிருக்கும். பாட்டு நின்று நின்று வருகிறது, ஐந்து நிமிடம் விட்டால் சரியாகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே ஹீட் சிங்க்கைப் பெட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே தெரிகிற மாதிரி வைப்பதே என் முதல் சிபாரிசு. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் அதற்கு நேர் கீழே அடித்தகட்டில் துளைகள், நேர் மேலே மூடியில் துளைகள், கீழே 15 மில்லி உயரமாவது உள்ள ரப்பர் கால்கள். எங்கே வைத்தாலும் ஃபின்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்கப் போட்டால் சூடான காற்று மேலே ஏற வழியில்லாமல் ஃபின்களுக்கு நடுவிலேயே தேங்கும்.

எந்தப் பெட்டி

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் காலி ஆம்ப் கேபினெட் வாங்கலாம், 5.1 கேபினெட் என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். முகப்பில் டிஸ்ப்ளே, யுஎஸ்பி, வால்யூம் எல்லாவற்றுக்கும் துளை வெட்டியே இருக்கும், அது பெரிய வேலை மிச்சம். குறை என்னவென்றால் மலிவானவற்றின் தகடு மிக மெலிசு. இரண்டு, இரண்டரை கிலோ டிரான்ஸ்பார்மரை நடுவில் உட்கார வைத்தால் அடித்தகடு தொங்கும், பெட்டியைத் தூக்கும்போது வளையும், மூடி கிர்ரென்று அதிரும். அப்படியொன்றை வாங்கினால் அடியில் 2 அல்லது 3 மில்லி அலுமினியத் தகட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போட்டு, டிரான்ஸ்பார்மரின் போல்ட் இரண்டு தகடுகளையும் துளைத்துப் போகிற மாதிரி இறுக்குங்கள்.

பழைய யுபிஎஸ் பெட்டியை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். டிரான்ஸ்பார்மரையும் பேட்டரியையும் தாங்கச் செய்த கெட்டியான தகடு, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், பல மாடல்களில் பின்னால் பவர் சாக்கெட்டும் ஃபியூஸ் ஹோல்டரும் ஏற்கனவே இருக்கும். அழகாக இருக்காது, அவ்வளவுதான். டிவிடி பிளேயர் பெட்டி உயரம் பத்தாது, சின்ன டிடிஏ 2030 போர்டுக்குச் சரி. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) டப்பா நெருக்கடி, புதியவர்களுக்கு வேண்டாம். எவர்சில்வர் டப்பாவில் கட்டுகிறேன் என்று ஆசைப்படுபவர்கள் துளை போட ஆரம்பித்ததும் மனம் மாறிவிடுவார்கள். அந்த உலோகம் டிரில் பிட்டைத் தின்றுவிடும், சூட்டையும் சரியாகக் கடத்தாது. மரப்பெட்டி அழகு, ஆனால் மின்சாரம் வருகிற பகுதி முழுக்க உள்ளே ஒரு உலோகத் தகட்டின் மேல் இருக்க வேண்டும், அந்தத் தகடு எர்த் ஆக வேண்டும்.

சொந்தமாகச் செய்வதென்றால் அலுமினியப் பார்ட்டிஷன், ஜன்னல் வேலை செய்கிற கடைகளில் மிச்சத் துண்டாக எல் ஆங்கிள் கிடைக்கும். 25 மில்லி ஆங்கிளில் ஒரு சட்டம் கட்டி, ஆறு பக்கமும் 2 மில்லி தகடு அடித்தால் பெட்டி தயார். அலுமினியத்தை வெட்ட ஹேக்ஸா பிளேடு போதும், இரும்புக்கு அது நாள் முழுக்க வேலை. கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் கிண்டி, அம்பத்தூர், கோவை பக்கத்து லேசர் கட்டிங் பட்டறைகளில் வரைபடம் கொடுத்து வெட்டி வளைத்து வாங்கலாம். ஆனால் முதல் ஆம்புக்கு அதைச் செய்யாதீர்கள், உங்கள் போர்டின் துளைகள் எங்கே வரும் என்பதே இன்னும் உங்களுக்கு உறுதியாகத் தெரியாது.

இரும்பா அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு: அலுமினியம். துளை போட எளிது, சூட்டை நான்கு மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும், டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்துக்கு அதிராது. இரும்புப் பெட்டி தப்பில்லை, டிரான்ஸ்பார்மருக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும்.

அட்டையில் அடுக்குங்கள்

பெட்டி வாங்கும் முன், ஒரு பெரிய அட்டையில் எல்லாப் பாகத்தையும் அடுக்கிப் பாருங்கள். அட்டைதான் உங்கள் அடித்தகடு. ஒரு மூலையில் பின்பக்கம் பவர் சாக்கெட், அதற்கு ஒட்டி ஃபியூஸ், அதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மர். எதிர் மூலையில் பின்பக்கம், ஆடியோ உள்ளே வருகிற ஆர்சிஏ சாக்கெட்டுகள். நடுவில் பிரிட்ஜ், கெப்பாசிட்டர், ஆம்ப் போர்டு. 230 வோல்ட் வயரும் ஆடியோ உள்ளே வருகிற வயரும் பெட்டியின் இரு கோடிகளில் இருக்க வேண்டும், ஒன்றையொன்று கடக்கவே கூடாது. வேறு வழியில்லாமல் கடந்தால் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும், பக்கத்துப் பக்கத்தில் ஓடக் கூடாது.

இடம் பத்தவில்லை என்று டிரான்ஸ்பார்மரை வால்யூம் கன்ட்ரோல் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். ஸ்பீக்கரில் ஊம்ம் என்ற சத்தம் வந்த பிறகு போர்டைக் குறை சொல்வார்கள், கெப்பாசிட்டரை மாற்றுவார்கள். சத்தம் டிரான்ஸ்பார்மரிலிருந்து காற்று வழியாக வருகிறது, கெப்பாசிட்டர் என்ன செய்யும்? வால்யூமுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் குறைந்தது ஒரு ஜாண் தூரம் வையுங்கள். முகப்பில் பவர் ஸ்விட்ச் வேண்டும் என்றால் அதற்கான 230 வோல்ட் வயரை இரண்டாக முறுக்கி, டிரான்ஸ்பார்மர் இருக்கிற பக்கச் சுவரை ஒட்டியே கொண்டு போங்கள். ஸ்விட்சைப் பின்னாலேயே வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை, நான் அப்படித்தான் செய்வேன்.

டிரான்ஸ்பார்மரைக் கடைசி வரை இறுக்காதீர்கள். எல்லாம் இணைத்து, கடைசியில் சொல்கிற சீரிஸ் போர்டு சோதனையும் முடிந்த பிறகு, ஆர்சிஏவில் எதுவும் மாட்டாமல், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். அந்த ஊம்ம் சத்தம் (ஹம்) இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி கேளுங்கள். சாதாரண சதுர டிரான்ஸ்பார்மராக இருந்தால் 90 டிகிரி திருப்பினாலே பெரிய வித்தியாசம் தெரியலாம். சத்தம் எங்கே மிகக் குறைவோ அங்கே துளைக்குக் குறி, போர்டை வெளியே எடுத்த பிறகு துளை.

வட்டமான டொராய்டு டிரான்ஸ்பார்மர் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் நடுவில் ஒரே ஒரு போல்ட் போகும். அந்தப் போல்ட்டின் தலை கீழ்த்தகட்டிலும் முனை மேல் மூடியிலும் ஒரே நேரத்தில் பட்டால், போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரைச் சுற்றிய ஒரு சுற்றுக் கம்பி ஆகிவிடும், அதில் பெரும் கரண்ட் ஓடி டிரான்ஸ்பார்மர் கருகும் அல்லது ஃபியூஸ் போகும். மூடியை அழுத்தினாலும் போல்ட் படாத அளவு இடைவெளி வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு மேலும் கீழும் அதோடு வருகிற ரப்பர் வளையத்தைப் போடுங்கள், போல்ட்டை வெறி கொண்டு இறுக்காதீர்கள்.

துளை போடுவது

பேப்பரில் முழு அளவில் வரைந்து, பசை தடவித் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு துளையின் நடுவிலும் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. இதைச் செய்யாவிட்டால் பிட் வழுக்கி ஓடி முகப்பில் கோடு போடும். முதலில் 3 மில்லி துளை, அப்புறம் பெரிசு. 8, 10, 12, 16 மில்லி துளைகளுக்கு ஸ்டெப் டிரில் பிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கூம்பு மாதிரி படிப்படியாக இருக்கும், மெல்லிய தகட்டில் சாதாரணப் பெரிய பிட் போட்டால் துளை முக்கோணமாக வரும். தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொண்டால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய்.

வால்யூம் கன்ட்ரோலுக்குப் பெரும்பாலும் 7 மில்லி துளை, ஆனால் எதையும் நம்பாமல் கையில் இருக்கிற பாகத்தை வெர்னியரில் அளந்து துளை போடுங்கள். கம்ப்யூட்டருக்கு வருகிற மூன்று பின் பவர் சாக்கெட்டுக்கு சுமார் 27-க்கு 20 மில்லி ஓட்டை, அதன் ஸ்குரு துளைகளுக்கு நடுவே 40 மில்லி. சுற்றிலும் சின்னத் துளைகளாகப் போட்டு, உடைத்தெடுத்து, அரம் போட்டால் வந்துவிடும். ஃபியூஸும் ஸ்விட்சும் சேர்ந்தே வருகிற சாக்கெட் வாங்கினால் ஒரே ஓட்டையில் மூன்று வேலை.

முக்கியமானது, துளை போடும்போது போர்டு பெட்டிக்குள் இருக்கவே கூடாது. அலுமினியத் தூள் ஒன்று ஐசி கால்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டால், அது தெரிவது புகை வரும்போதுதான். துளைகள் முடிந்ததும் விளிம்புப் பிசிறுகளை நீக்கி, பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, கவிழ்த்துத் தட்டி, அப்புறம்தான் பாகங்கள்.

காற்றுத் துளைகள் 4 மில்லிக்கு மேல் வேண்டாம், டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் முனைகளுக்கு நேர் மேலே துளையே வேண்டாம். உள்பக்கம் கொசு வலையில் உலோக வகையை வெட்டி, ஓரம் மடித்து, நன்றாக ஸ்குரு போட்டு இறுக்குங்கள். இதைப் படித்து யாரும் சிரிக்க வேண்டாம். நம் ஊரில் சூடான பெட்டி என்றால் பல்லிக்குக் குடியிருப்பு, கரப்பானுக்கும் அப்படித்தான். 230 வோல்ட் முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

ஐசியை ஹீட் சிங்க்கில் உட்கார வைப்பது

எல்எம் 3886-இன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளேயே இணைந்திருக்கிறது. டிடிஏ 7294-உம் அப்படித்தான். அதாவது ஐசியை நேரடியாக ஹீட் சிங்க்கில் முடுக்கினால் ஹீட் சிங்க்கில் மைனஸ் 24.5 வோல்ட் வந்துவிடும், ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் ஷார்ட். ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுத்து சூட்டை விடுகிற மைக்கா ஷீட், இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சாக ஹீட் சிங்க் பேஸ்ட், ஸ்குருவுக்கு பிளாஸ்டிக் புஷ். பேஸ்ட்டை அள்ளி அப்பாதீர்கள், அது உலோகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான், தடிமனாக இருந்தால் சூடு போவதற்கு அதுவே தடை. டிஎஃப் என்று முடிகிற எல்எம் 3886 வகையில் முதுகு முழுக்க பிளாஸ்டிக், அதற்கு மைக்கா தேவையில்லை, பேஸ்ட் மட்டும் போதும்.

துளையின் வாயில் பிசிறு இருந்தால் மைக்காவைக் கிழித்துவிடும், பெரிய பிட்டைக் கையால் சுற்றி மழுங்கடியுங்கள். பிறகு இந்த வரிசை: முதலில் போர்டை ஸ்பேசர்களில் நிறுத்துங்கள், ஐசியை ஹீட் சிங்க்கில் முடுக்குங்கள், கடைசியாகத்தான் ஐசி கால்களை போர்டில் சால்டர் செய்யுங்கள். முன்பே சால்டர் செய்துவிட்டால் முடுக்கும்போது கால்கள் இழுபட்டு, பல மாதம் கழித்து சால்டர் விரிசல் விடும். ரெடிமேட் போர்டில் ஐசி ஏற்கனவே சால்டர் ஆகித்தான் வரும், அதற்கு ஸ்பேசரின் உயரத்தை வாஷர் போட்டுச் சரிசெய்து, ஐசி முதுகு ஹீட் சிங்க்கில் இயல்பாகப் படிகிற இடத்தில் துளை குறியுங்கள். முடித்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் வையுங்கள், பீப் வந்தால் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

எர்த்

வீட்டில் கட்டிய ஆம்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்பதை நம் ஊரில் சகஜமாக எடுத்துக்கொள்கிறோம், இரண்டு பின் வயரை மாட்டிவிட்டு வெறுங்காலோடு தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறோம். உலோகப் பெட்டிக்கு மூன்று பின் வயர்தான். பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அடித்தகட்டில் இதற்கென்றே ஒரு 4 மில்லி போல்ட் போடுங்கள், வேறு எதையும் தாங்குகிற போல்ட்டைக் கடன் வாங்காதீர்கள். அந்த இடத்தில் பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். அலுமினியத்தில் அனோடைஸ் பூச்சு இருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தாது, அதையும் சுரண்ட வேண்டும். பல் வாஷர், பச்சை வயரின் ரிங் லக், வாஷர், நட், மேலே இன்னொரு நட். மூடி, முகப்பு, பக்கத் தகடுகள் எல்லாம் பெயிண்ட் அடித்தவை என்பதால் ஸ்குரு போட்டாலே எர்த் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பவர் கார்டின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் மீட்டரில் வைத்துப் பாருங்கள், அரை ஓமுக்கு மேல் காட்டினால் அந்தத் தகட்டுக்குத் தனியாக ஒரு வயர். வெளியே தெரியும் ஹீட் சிங்க்குக்கும் இது பொருந்தும்.

ஃபியூஸ் பிரவுன் (ஃபேஸ்) வயரில், ஸ்விட்சுக்கு முன்னால். நம் 180 விஏ (36 வோல்ட், 5 ஆம்பியர்) டிரான்ஸ்பார்மருக்கு 1.6 ஆம்பியர் ஸ்லோ புளோ, அதாவது ஆன் செய்யும் நொடியின் இழுப்பைத் தாங்குகிற வகை. 230 வோல்ட் முனைகள் அத்தனைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மூடி திறந்திருக்கும்போது கை தவறிப் பட்டாலும் எதுவும் ஆகக் கூடாது.

ஆர்சிஏ சாக்கெட்டில் பெட்டியோடு ஒட்டாத, பிளாஸ்டிக் வாஷர் வைத்த வகையை வாங்குங்கள். ஆடியோவின் ஜீரோ வோல்ட் பெட்டியைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில், கெப்பாசிட்டர்களின் நடு முனையிலிருந்து எர்த் போல்ட்டுக்குப் போகிற ஒரு வயரில் மட்டும். டிவியையோ கம்ப்யூட்டரையோ இணைத்ததும் ஹம் வந்தால் அந்த ஒரு வயருக்கு நடுவே 10 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாக எதிரெதிர் திசையில் இரண்டு 1என்5408 டயோடும் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னை உடைத்துப் போட்டாலும் ஹம் நிற்கும் என்று யாராவது வந்து சொல்வார்கள். நிற்கும். ஷாக்கும் அடிக்கும்.

புளூடூத் மாடியூல் வைப்பவர்கள் அதன் ஆன்டெனா முழு உலோகத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் வைத்தால் சிக்கல் இல்லை.

மூடியைப் போடும் முன்

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது எலெக்ட்ரிஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். ஒரு 100 வாட் பழைய குண்டு பல்பு, ஆம்புக்குத் தொடராக. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்து ஷார்ட்டைத் தேடுங்கள். மங்கினால் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கர் மாட்டலாம். நடுவில் எதையாவது தொட வேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பின், 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரின் முனைகளிலும் அரை நிமிடம் வைத்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்குரு டிரைவரால் ஷார்ட் செய்து பட்டென்று பொறி பறக்க விடுவது வீரம் இல்லை.

எல்லாம் சரி என்றால் பல்பை நீக்கி, மூடியைப் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்பதைவிடக் கொஞ்சம் அதிக சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சில மல்டிமீட்டர்களோடு வருகிற, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரை ஐசிக்குப் பக்கத்தில் ஹீட் சிங்க்கில் ஒட்டி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். 75 டிகிரியைத் தாண்டினால் முதலில் மேலும் கீழும் துளைகளைக் கூட்டுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை 7808 ரெகுலேட்டர் வழியாக 8 வோல்ட்டில் ஓடவிடுங்கள். அந்த ரெகுலேட்டருக்கும் ஒரு சின்ன ஹீட் சிங்க் வேண்டும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், பாட்டு ஓடும்போது சத்தமே கேட்காது.